ஒன்பது மணி மூச்சு

எங்கள் பங்குத் தரகு நிறுவனத்தில் தொலைபேசியில் ஆர்டர் எடுக்கும் முறையை இந்த வருடத்தோடு மூடுகிறார்கள். யாருடைய குரலையும் அச்சு அசலாகப் பேசிக்காட்டும் கருவிகள் வந்துவிட்டனவாம். குரலை நம்பிப் பங்கு விற்கும் காலம் முடிந்துவிட்டது என்று மேலிடம் சொல்லிவிட்டது. அதையொட்டி ஒரு சின்ன மலர் போடுகிறோம், டீலர் மேசையில் இருந்த அனுபவத்தை இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் அக்கா என்று கேட்டாள் நளினி. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இப்போது ஆரம்பப் பயிற்சி நடத்துகிறவள் அவள்தான். எழுதிக் கொடுத்தேன், படித்தால் சிரிப்பு வருகிற மாதிரி. அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் பேய்க்கதை சொல்லும் ஆள் இல்லை. கல்யாண வீட்டில் யாராவது அந்தப் பேச்சை ஆரம்பித்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவேன். என் கணவர் கூட என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றுதான் கிண்டல் செய்வார். அதனால் இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று என்னைக் கேட்காதீர்கள். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பினாங்கில் டத்தோ கிராமாட்டில் எங்கள் வீடு. ஆறாம் படிவம் முடித்த கையோடு பீச் ஸ்திரீட்டில் இருந்த இந்த நிறுவனத்தில் பைல் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, வாடிக்கையாளர்களுக்காகச் சந்தையில் ஆர்டர் போடும் டீலர் ஆனேன். இடையில் இருந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படித்தேன், திட்டு வாங்கினேன், படித்தேன். நினைவில் நிற்பது காதர் சாரின் ஆரம்ப வகுப்பு மட்டும்தான்.

காதர் மைதீன் எங்கள் டீலிங் மேனேஜர். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். குடும்பத்துக்குச் சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை இருந்ததால் அவருடைய பாடம் முழுக்கக் கடை உதாரணத்திலேயே நடக்கும். சந்தை திறப்பதற்கு முன் பின்கட்டு அறையில் எங்களை உட்கார வைத்து ஆரம்பிப்பார்.

“கடையில நீ பார்ட்னர்னா அது ஷேர். கறி வித்தா உனக்கும் காசு, கறி ஊசிப் போனா உனக்கும் நட்டம். கடைக்கு அடுப்பு வாங்க நீ கடன் குடுத்தியா, அது பாண்ட். கூட்டம் வந்தாலும் வராட்டியும் பேசின வட்டி உனக்கு வந்தாகணும். ஆனா லாபத்துல நீ வாய் வைக்க முடியாது லா. புரியுதா?”

புரியும். அவர் சொன்னால் மாட்டுக்கும் புரியும். ஆனால் வாரண்ட் என்ற பாடம் வரும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். முன்னால் இருக்கும் ஐஸ் டீயிலிருந்து கரண்டியால் ஒரு ஐஸ் கட்டியை எடுத்துத் தட்டில் வைப்பார். “இந்தக் கடைப் பங்க இன்ன விலைக்குப் பின்னால வாங்கிக்கிறேன்னு இன்னிக்கே காசு குடுத்து ஒரு சீட்டு வாங்கி வச்சிக்கிறோம். அதுதான் வாரண்ட். பங்கு விலை ஏறுச்சுன்னா சீட்டுக்கும் மவுசு. ஆனா சீட்டுக்குக் கடைசி நாள்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள விக்கணும், இல்ல மீதிக் காசைக் கட்டிப் பங்கா மாத்திக்கணும்.” அவர் பேசி முடிக்கும்போது தட்டில் தண்ணீர் மட்டும் இருக்கும். “யாரும் தொடல, யாரும் திருடல. ஆனா போச்சு பாத்தியா?” என்பார். அந்தத் தட்டை நாங்கள் யாரும் எடுத்து வைக்க மாட்டோம், அவரே எடுத்துக்கொண்டு போவார்.

அடுத்தது தொலைபேசி. இதற்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். வாடிக்கையாளர் பெயர் சொல்ல வேண்டும், கணக்கு எண் சொல்ல வேண்டும். எந்த கவுண்டர், அதாவது எந்த நிறுவனத்தின் பங்கு, வாங்குவதா விற்பதா, நூறு பங்கு ஒரு லாட் என்ற கணக்கில் எத்தனை லாட், என்ன விலை. எல்லாவற்றையும் நாம் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து “சரி” வர வேண்டும். வராதவரை விரல் பொத்தானைத் தொடக் கூடாது.

“பாசார்ல மீன் விலை கேட்டா வாங்குனதா அர்த்தமா? இல்லைல? கேக்குறதுக்கும் வாங்குறதுக்கும் நடுவுல ஒரு ‘சரி’ இருக்கு. அந்த ‘சரி’தான் உன் சோறு.”

எல்லா அழைப்பும் பதிவாகும். யாராவது தப்புச் செய்தால் காதர் சார் கத்த மாட்டார். அந்தப் பதிவைப் போடுவார், “கேளு” என்று ஒரே ஒரு சொல் சொல்வார், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுவார். உள்ளே நாமும் நம் குரலும்தான். அவர் இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

நான் டீலராகி வெகுகாலம் கழித்து, வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் கைப்பேசிச் செயலிக்குப் போய்விட்ட பிறகும், தினமும் போன் போட்டே ஆர்டர் கொடுத்தவர் ராஜமாணிக்கம் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயர் ஈத்தாமில் ஒரு பிளாட்டில் அவரும் மனைவி மரகதமும் மட்டும் இருந்தார்கள். மகன் ஜோகூரில். காலை ஒன்பது மணிக்குச் சந்தை திறக்கும். அதே நேரத்துக்கு என் மேசையில் அவர் போன் மணி அடிக்கும். வீட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஹாலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். பின்னால் மரகதம் அக்கா பாத்திரம் உருட்டுவது எனக்குக் கேட்கும்.

அவருக்கு நெடுநாளாக இழுப்பு உண்டு. வாக்கியத்துக்கு வாக்கியம் நெஞ்சில் ஒரு விசில் ஓடும். நான் ஆர்டரைத் திருப்பிச் சொல்லி முடித்ததும் ஒரு நீண்ட மூச்சு விடுவார், அதன் கடைசியில் அந்த விசில் கேட்கும், பிறகு சொல்வார்: “சரி, போடும்மா.” கணக்கு எண்ணே தேவையில்லை எனக்கு. ஆயிரம் பேர் மூச்சு விட்டாலும் அவருடையதை எடுத்துக் காட்டியிருப்பேன்.

ஒரு கட்டுமான நிறுவனத்தின் வாரண்ட் வாங்கி வைத்திருந்தார். கையிருப்பில் பெரும்பகுதி அதில்தான். விலை இறங்கும்போதெல்லாம் நான் விற்கச் சொல்வேன். கேட்க மாட்டார். மரகதம் அக்காவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்ததால் தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த கவுண்டருக்கு அவர் வைத்த பெயரே வேறு.

“ஏம்மா புவனா, மரகதத்தோட முட்டி இன்னிக்கு என்ன வெல?”

உள்ளேயிருந்து அக்கா ஏதோ திட்டுவார். இவர் சிரிப்பார், சிரிப்பு இருமலாகும்.

அந்த வருடம் தைப்பூசத்துக்குச் சந்தை விடுமுறை. விடுமுறை முடிந்து வந்தால் அவருடைய போன் இல்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறிவிட்டுக் கால்வலியில் படுத்திருப்பார் என்று நினைத்தேன். வாரம் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. நானாகக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. மகன் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு காலை, ஒன்பது மணிக்கு, மணி அடித்தது. திரையில் அவருடைய வீட்டு எண். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“என்னண்ணே, மறந்துட்டீங்களா எங்கள?”

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. நீண்ட மூச்சு, கடைசியில் அந்த விசில்.

“அண்ணே? கேக்குதா?”

மூச்சு. நான் பழக்கத்தில் அவருடைய கவுண்டர்களின் விலையை வரிசையாகப் படித்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த போன் அடித்ததால் வைத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். வாதம் வந்து பேச்சு போய்விட்டது, பாவம் மனுஷன் விலை கேட்கவாவது கூப்பிடுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒன்று மட்டும் உறுத்தியது. முன்பெல்லாம் ஸ்பீக்கரில் அவர் குரல் கொஞ்சம் தள்ளி இருந்துதான் வரும். இந்த மூச்சு என் காதுக்குள்ளேயே இருந்தது. போனை வைத்த பிறகு காதைத் துடைத்துக்கொள்வேன்.

இதற்கிடையில் அந்த வாரண்டின் கடைசி நாள் நெருங்கியது. அதற்குப் பிறகு சந்தையில் அதை விற்க முடியாது. காசு கட்டிப் பங்காக மாற்றவும் அவரிடம் வசதி இல்லை. வேடிக்கை என்னவென்றால் அப்போதுதான் அதன் விலை நன்றாக ஏறி நின்றது. விற்றால் முட்டி, விற்காவிட்டால் வெறும் தாள்.

கடைசி நாளுக்கு முந்தின காலை, மூச்சு வந்ததும் நான் வழக்கத்தை மீறிக் கேட்டேன். “அண்ணே, நாளைக்கு விட்டா இந்த வாரண்ட் அவ்வளவுதான். இருக்கிற எல்லா லாட்டையும் இன்னிக்கு இருக்கிற விலைக்கு வித்துரவா? சரின்னா சரின்னு ஒரு சத்தம் குடுங்க.”

நீண்ட மூச்சு. விசில். அதற்குப் பிறகு எப்போதும் “சரி, போடும்மா” வரும் இடத்தில் ஒன்றும் வரவில்லை. என் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அழுத்தியிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் அப்போது தோன்றியது. ஆனால் விரல் இறங்கவில்லை. காதர் சாரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் பதிவைப் போட்டார். “கேளு” என்றார். அன்று மட்டும் வெளியே போகவில்லை. என்னோடு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முழுவதையும் கேட்டார். முடிந்ததும் கையைத் தேய்த்துக்கொண்டார். அறையில் ஏர்கான் அதிகம் என்று நினைத்தேன்.

“மூச்சு ஆர்டர் இல்லம்மா. நாளைக்கு மத்தியான இடைவேளையில நீயே நேரா போ. ஆளப் பாரு. விற்பனை பாரத்துல கையெழுத்து வாங்கு. கை வரலன்னா பெருவிரல். ரெண்டரைக்குச் சந்தை திறக்கும்போது உன் மேசையில நான் உக்காந்துக்கிறேன். வாங்கிட்டு எனக்குப் போன் பண்ணு.”

மறுநாள் காலையிலும் ஒன்பதுக்கு மூச்சு வந்தது. “மத்தியானம் வர்றேண்ணே” என்று சொல்லி வைத்தேன். அந்த மூச்சில் விசில் குறைந்திருந்ததாக எனக்கு ஒரு நினைப்பு.

ஆயர் ஈத்தாம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். லிப்ட் வேலை செய்யவில்லை. மாடி ஏறி, மூச்சு வாங்க நின்று கதவைத் தட்டினேன். மரகதம் அக்கா திறப்பதற்கு வெகு நேரம் ஆயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவரை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

“புவனாவா? குரல வச்சு நல்லா குண்டா இருப்பேன்னு நெனச்சேன். வாம்மா.”

“அண்ணன் எங்கக்கா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உனக்குத் தெரியாதா? தைப்பூசத்துக்கு மறுநாள் போயிட்டாரும்மா.”

நான் பிடித்துக்கொள்ள அந்த ஹாலில் ஏதாவது இருந்ததா என்று தெரியவில்லை. சமையலறை வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அக்கா தண்ணீர் கொடுத்தார், பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். விடியற்காலை இழுப்பு அதிகமாகியிருக்கிறது. பம்ப் மருந்து தீர்ந்துபோயிருக்கிறது. லிப்ட் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் இன்னும் தண்ணீர்மலையிலிருந்து திரும்பவில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, கீழே இரவிலும் திறந்திருக்கும் கிளினிக்கில் ஆளைக் கூப்பிடலாம் என்று அக்கா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறார்.

“நான் ஏறி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து... நல்ல கால் இருந்திருந்தா ஓடியிருப்பேன்ல? கண்ண மூடுனா அந்த மூச்சுதாம்மா கேக்குது.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

“அக்கா, அப்போ காலைல எனக்கு யாரு போன் பண்றது?”

“நான்தான். கருமாதி வரைக்கும் போன கழட்டி வச்சிருந்தோம். அது முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் வீடு கம்முனு ஆயிருச்சு. ஒம்போது மணிக்கு உன் குரல் கேட்டாதான் வீடு வீடா இருக்கு. அவரு பட்டன் செட் பண்ணி வச்சிருக்காரு, ஒண்ண அமுக்கிட்டு உள்ள வந்து டீ போட ஆரம்பிச்சிருவேன். நீ வெல படிப்ப, அடுப்புச் சத்தத்துல சொல்லு புரியாது, குரல் மட்டும் வரும். அவரு ஹால்ல உக்காந்திருக்காருன்னு நெனச்சுக்குவேன். நீ வச்சதும் டூ டூன்னு கத்தும், மெதுவா போய் அமுக்குவேன். தப்பாம்மா?”

“தப்பில்லக்கா. போன் பக்கத்துல வேற யாரு இருப்பா?”

“யாரு இருக்கா? ஆளே இல்லாத வீட்டுல.”

மூச்சைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் விற்பனை பாரம் இருந்தது. அக்காவே அதைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். இறந்தவர் கணக்கில் யாரும் விற்க முடியாது. நான் ஆபீசுக்குச் சொன்னதும் கணக்கை முடக்குவார்கள். வாரிசு உரிமைக் கடிதம் வருவதற்கு மாதக்கணக்காகும். அதற்குள் இந்த வாரண்ட் செத்துவிடும், இன்றுதான் கடைசி நாள்.

அவர் தன் பெருவிரலைப் பார்த்தார். “அவரு விரலா என் விரலான்னு யாருக்குத் தெரியும்?” என்று சின்னக் குரலில் கேட்டார். உடனே தலையை ஆட்டிக்கொண்டார். “வேணாம். உன் வேலைக்கு ஒல வச்சுரும். அவரு இருக்கும்போது ஸ்பீக்கர்ல கேட்டுக் கேட்டு உங்க சட்டமெல்லாம் எனக்கும் தெரியும். போனா போகட்டும் முட்டி.”

காதர் சாருக்குச் சொல்ல கைப்பேசியை எடுத்தேன். எண்ணை அழுத்த மனம் வரவில்லை. அழுத்தினால் எல்லாம் முடிந்தது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். நான் எழுந்து சமையலறைக்குள் போய் முகம் கழுவினேன். அக்கா ஹாலில் மணியைப் பார்த்தார் போலிருக்கிறது.

“ரெண்டரை ஆவுது. மத்தியானமும் போடுவாரு சில நாள். நீ இங்க இருக்கியே, இப்ப அங்க யாரு பேசுவா?”

“எங்க பெரியவர்.”

“அவரு குரலையும் ஒரு தடவ கேட்டுருவோம். நாளைலேர்ந்து நான் கூப்பிடக் கூடாதுல்ல.” பட்டனை அமுக்கிவிட்டு, சுவரைப் பிடித்தபடி என்னிடம் வந்து நின்றார்.

ஹாலில் மணி போனது. பிறகு காதர் சாரின் குரல், ஸ்பீக்கரில். “ராஜமாணிக்கம் அண்ணனா? காதர் பேசுறேன். புவனா அங்கதானே வந்திருக்கு?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் நின்றுகொண்டிருந்தோம். என் கை ஈரமாக இருந்தது. வாசல் வழியாகப் பார்த்தால் பிரம்பு நாற்காலியின் முதுகு தெரியும். மேலே மின்விசிறி ஓடியது. நாற்காலியில் யாரும் இல்லை.

“சரிங்க, கணக்கு நம்பர்?” என்றார் காதர் சார். நிறுத்தினார். “ம். ம். சரி.” மறுபடி நிறுத்தினார். “திருப்பிச் சொல்றேன்ணே. கட்டுமான கவுண்டர் வாரண்ட், விற்பனை. இருக்கிற எல்லா லாட்டும். சந்தையில கேக்குற விலைக்கே. சரியா?”

நான் ஓடிப்போய் அந்தப் போனைப் பிடித்திருக்கலாம். காலை அசைக்க முடியவில்லை.

“போட்டாச்சுண்ணே. வித்துருச்சு. ஒடம்பப் பாத்துக்கங்க.”

டூ, டூ என்றது போன்.

“உங்க பெரியவர் தன்னால பேசிக்கிறாரே?” என்றார் மரகதம் அக்கா, சிரிப்பும் பயமுமாக. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. அந்த வீட்டில் காதர் சாரின் குரலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை, சத்தியமாக இல்லை.

எப்படி அலுவலகம் வந்தேன் என்று தெரியாது. காதர் சார் என் மேசையிலேயே இருந்தார், வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாக.

“நல்லாத்தானே பேசுறாரு மனுஷன்? கணக்கு நம்பர் தப்பில்லாம சொன்னாரு. திருப்பிச் சொன்னேன், சரின்னாரு, போட்டேன். என்னைப் போய் ‘போடும்மா’ன்னாரு. உன்ன நெனச்சுச் சொல்லியிருப்பாரு.”

“சார். அவரு தைப்பூசத்துக்கு மறுநாளே இறந்துட்டாரு.”

அவர் எழுந்து நின்றார். “யா அல்லா” என்றார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, நான் பார்த்தது ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவர் பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அது வெளியே தெரிந்திருக்காது; பதிவில் குரல் இருக்கிறது, “சரி” இருக்கிறது, விதிப்படி எல்லாம் சுத்தம். அவர் மேலிடத்துக்குத் தானே அறிக்கை எழுதினார். ஆர்டர் எடுத்த நேரம், இறந்த தேதி, நான் எங்கே நின்றேன் என்பது உட்பட.

“இந்த ரூம்ல எத்தன பேர ‘கேளு’ன்னு உக்கார வச்சிருக்கேன். இப்ப என் முறை, அவ்வளவுதான்” என்றார். அந்தப் பதிவை அவர் கேட்கவில்லை, என்னையும் கேட்க விடவில்லை.

கோலாலம்பூரிலிருந்து தணிக்கைப் பிரிவின் மிஸ் லிம் வந்தார். கெட்டிக்காரப் பெண், சிரிக்கத் தெரியாதவர். என்னிடம் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன், அதையும் எழுதிக்கொண்டார். பழைய பதிவுகளோடு இந்தப் பதிவை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரே ஆள்தான் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகம் எங்கே போயிற்று தெரியுமா? இறப்புச் சான்றிதழ் மேல். பதிவு இலாகாவுக்கு ஆள் அனுப்பி, சுடுகாட்டு ரசீது வரைக்கும் பார்த்தார்கள். எல்லாம் அசல். மனுஷன் முறைப்படி இறந்துதான் இருந்தார்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் சொல்ல வந்தது அதுவல்ல என்பதால். சந்தையில் நடந்துவிட்ட விற்பனையைத் திரும்பப் பெற முடியாது. பணத்தைத் தனியாக ஒதுக்கி வைத்து, வாரிசுக் கடிதம் வந்ததும் மரகதம் அக்காவிடம் கொடுத்தார்கள். காதர் சாருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இதிலிருந்து அவர் என்ன பாடம் கற்க வேண்டும் என்று அதில் யாராலும் எழுத முடியவில்லை.

பணம் கொடுப்பதற்கு முன் மிஸ் லிம்முக்கு ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. குரலை மனைவி அடையாளம் சொல்ல வேண்டும். அக்காவை வரவழைத்தார்கள். அவருக்கு ஆங்கிலமும் அவ்வளவு வராது, மலாயும் தடுமாற்றம். நான்தான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். காதர் சாரும் ஓரத்தில் இருந்தார். அந்தப் பதிவை நான் முதல் தடவை கேட்டது அப்போதுதான்.

காதர் சார் திருப்பிச் சொல்லி முடிக்கிறார். ஒரு மூச்சு வருகிறது. நீண்ட, ஆழமான மூச்சு. பிறகு, தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல: “சரி, போடும்மா.”

அக்கா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டார்கள். இன்னொரு தடவை என்றார். மிஸ் லிம் என்னைப் பார்த்தார். மூன்றாவது தடவை முடிந்ததும் அக்கா என் முழங்கையைப் பிடித்தார். அவர் முகம் முழுக்கக் கண்ணீர். ஆனால் அது அழுகிற முகமாக இல்லை.

“புவனா, கேட்டியா? இழுப்பு இல்லம்மா.”

காதர் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“விசில் இல்ல பாரு. எவ்ளோ நல்லா மூச்சு விடுறாரு. கல்யாணம் ஆன புதுசுல இப்படித்தான்... நல்லாயிட்டாரும்மா.”

மிஸ் லிம் பேனாவை எடுத்துக்கொண்டு, அவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். குரலை உறுதி செய்கிறார் என்று சொன்னேன்.